கைப்பிரேக் மறந்த படலம்

முப்பதாண்டுக் காலம் ஒரு பின்விளக்குகூட உடையாமல் பேருந்து செலுத்திய பெருவீரரே, ஹாரன் முழக்கத்தால் ஆட்டோக்களை ஓரத்துக்கு விரட்டிய அரிமாவே, வாழ்க நீர்! உம் கீர்த்தியை முதற்கண் வணங்கி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதத் துணிகிறோம்.

நிற்க. ஓட்டுநர்கள் சாலையில் ஏன் நிதானம் இழக்கிறார்கள் என்று ஆராயும்பொருட்டு, ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், குளிரூட்டிய அறையொன்றில், பேருந்தின் முன்பாதியை மட்டும் வெட்டி வைத்து, எதிரே மூன்று திரைகளில் சாலை காட்டும் மாயத்தேர் ஒன்றை நிறுவியிருந்தார்கள். இதில் தேறியவருக்கு விரைவுப் பேருந்து. தவறியவருக்குப் பணிமனை வேலை. அந்த விரைவுப் பேருந்தின்மேல் நம் வீரர் கண் வைத்திருந்தார். அதே பணிமனையில் ஓட்டுநரான அவர் மனைவியின் தம்பியும் கண் வைத்திருந்தான். ஆனால் முதல் முறை மாமாவுக்கே என்று விட்டுக்கொடுத்து, பவ்வியமாகச் சுவரோரம் நின்றான்.

“பொம்மை வண்டிம்மா இது. பத்தே நிமிஷம், முடிச்சிட்டுக் காப்பி குடிக்கப் போயிடுவேன்” என்று ஆய்வாளப் பெண்ணிடம் சூளுரைத்து ஏறினார் வீரர்.

ஏறியவர், கார்முகில் கிழிக்கும் மின்னலென வளைவுகளைக் கடந்து, லாரிப் பெரும்படையைப் பிளந்து, சிவப்பு விளக்கின்முன் தவமுனிவரென அசையாது நின்று, ஒன்பது நிமிடம் அப்பழுக்கின்றிச் செலுத்தி, சரிவொன்றில் இறங்குகையில், கைப்பேசியைக் காதில் ஒட்டிய படமனிதன் ஒருவன் குறுக்கே நடந்தான். மேரு அதிர மிதித்தார் பிரேக்கை! ஒரு முழ இடைவெளியில் நின்றது தேர். பிழைத்தான் படமனிதன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊழித்தீ அடங்குமோ? கதவைத் திறந்து, குதித்து, திரையருகே சென்று, விரல் நீட்டிக் கர்ஜித்தார்: “யோவ், வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா? சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?”

அந்தோ! திரையிலிருந்த ஆளை மெய்யென நம்பிய அம்மேதை, தாம் இறங்கிய பேருந்தைப் பொய்யென நம்பி, கைப்பிரேக்கைத் தொடவேயில்லை.

“சார், ஏறுங்க சார்! வண்டி உருளுது!” என்று ஆய்வாளர் அலற, ஆளில்லாத் தேர் சரிவில் உருண்டு, இன்னும் திட்டு வாங்கி முடிக்காத அந்த அப்பாவியின்மேல் ஏறிற்று. மூன்று திரைகளும் குருதிக்களமெனச் சிவந்தன.

“பிரேக் போட்டுக் காப்பாத்துனீங்க மாமா, அப்புறம் எறங்கி நின்னு கொன்னுட்டீங்களே” என்று கலங்கிய குரலில் சொன்ன மைத்துனன், சட்டைக்கையை மடித்தபடியே மாயத்தேரில் ஏறி, முதல் வேலையாகக் கைப்பிரேக்கைத் தொட்டுக் கும்பிட்டான்.

மைத்துனன் ஓட்டும் விரைவுப் பேருந்தின் டயருக்கு இப்போது மாமாதான் காற்றடிக்கிறார்.