ஒரு கட்டில், இரண்டு தாலுகா

"கட்டில் எந்த ரூம்ல கீது?"

நனைந்த குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றபடியே கேட்டாள் நர்ஸ் குணசுந்தரி. உள்ளே அரசப்பனின் மகள் ஈஸ்வரி பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கூடத்துலதாம்மா. சீக்கிரம் உள்ள வா தாயே!" என்றார் அரசப்பன்.

"கூடம் கும்மிடிப்பூண்டி தாலுகா. நான் ஊத்துக்கோட்டை சைடு. எல்லை தாண்டிக் கை வெச்சா எனக்கு மெமோ குடுப்பாங்க. போய் சாராள் நர்ஸைக் கூட்டியா."

சொல்லிவிட்டு மழையில் நடந்துவிட்டாள். தரைப்பாலம் முழுகிப் போனதால் ஆட்டோவும் வராது. அரசப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரை நோவது? அவரே தேடிக்கொண்ட வினை.

போன வருடம் தொழிற்பேட்டைத் திட்டத்துக்கு வரைபடம் போட ஆட்கள் வந்தார்கள். இரண்டு தாலுகாவையும் பிரிக்கிற எல்லைக்கல் கிடைக்காமல் வெயிலில் அலைந்தார்கள். அரசப்பன் வீட்டுக் கொல்லையில் ஒரு கருங்கல் உண்டு, தலையில் சர்வே குறி செதுக்கியது. அவர் அப்பா காலத்திலிருந்து நிற்பது. மனைவி குப்பம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றுவாள். அரசப்பன் வந்தவர்களுக்கு மோர் கொடுத்து, பெருமையாகக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினார்.

"அரசப்பா, அந்தக் கல்லு..." என்று பக்கத்து வீட்டு கங்கம்மா அன்றைக்கு வேலிக்கு அந்தப்புறமிருந்து ஏதோ சொல்ல வந்தாள்.

"ஆபீசருங்க பேசிக்கினு கீறாங்க. நீ போ அத்தே!" என்று விரட்டிவிட்டார்.

ஆபீசர்கள் கல்லைக் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து கோடு இழுத்தார்கள். கோடு அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து போயிற்று. கூடம் கும்மிடிப்பூண்டிக்கு, சமையலறை ஊத்துக்கோட்டைக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அரசப்பன் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, சாராளைக் கையோடு கூட்டி வந்தார். கூடத்தில் கட்டிலைக் காணோம்.

"எங்கடி கட்டிலு?"

சமையலறையிலிருந்து குப்பம்மாள் மூச்சு வாங்க எட்டிப் பார்த்தாள். "அந்த நர்ஸம்மா அப்படிச் சொல்லிட்டுப் போச்சில்ல? நானும் கங்கம்மாவும் இங்க இழுத்துப் போட்டுட்டோம். பின்பக்கமா ஓடிப்போய் அதையும் கூப்ட்டுட்டேன், வந்துகினே கீது!"

சாராள் நிலைப்படியோடு நின்றுவிட்டாள். "அண்ணே, சமையக்கட்டு என் ஏரியா இல்லயே."

"அய்யோ, கட்டிலைத் திருப்பிக் கொண்டாந்துடறேம்மா, போயிடாத!"

"அரசப்பா, அந்தக் கல்லு..." என்றாள் கங்கம்மா.

"கல்லைப் பத்திப் பேசற நேரமா அத்தே இது? அந்தக் கட்டில் காலைப் புடி!"

அரசப்பன் கூடத்திலிருந்து இழுக்க, பெண்கள் இருவரும் சமையலறையிலிருந்து கட்டிலைத் தள்ளினார்கள். அவசரத்தில் கோணலாகத் திரும்பி, நிலைப்படி நடுவே வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஈஸ்வரியின் தலை கும்மிடிப்பூண்டியில், கால் ஊத்துக்கோட்டையில். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கமாக வந்து சேர்ந்தாள் குணசுந்தரி.

"தலை எங்க கீதோ அதான் கணக்கு. கேஸு உன்துதான்," என்றாள் சாராளைப் பார்த்து.

"தலை என் பக்கந்தான், இல்லன்னு சொல்லல. புள்ள எந்தப் பக்கமா பொறக்குது, அதைச் சொல்லு," என்றாள் சாராள்.

"நைனா!" என்று அலறினாள் ஈஸ்வரி. "எந்தத் தாலுகாவா இருந்தா இன்னா நைனா? செத்துப்பூடுவேன் போலக் கீது!"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அரசப்பனுக்கு அன்றைக்கு இடிபட இடமே பாக்கி இல்லை. சாராளின் காலில் விழுந்தார். குணசுந்தரியின் காலிலும் விழ வேண்டும், ஆனால் குறுக்கே கட்டில். வாசல் வழியாக இறங்கி, மழையில் வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு ஓடினார். அங்கே அந்தக் கல்லே காலில் இடித்து, நகம் பெயர்ந்து, குப்புற விழுந்தார்.

அப்படியே கல்லைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தாயே, மஞ்சளும் குங்குமமுமா உனக்கு இன்னா கொறை வெச்சேன்? என் பொண்ணை எடுத்துக்கினு போயிடாத. ஊடு வேணும்னா எடுத்துக்க!"

உள்ளே சாராளின் குரல் கேட்டது. "மெமோவாவது மண்ணாவது! தள்ளுங்க, நான் கட்டில் மேல ஏறி வரேன்!"

"தோளைப் புடி சாராளு! நான் புள்ளையைப் பாத்துக்கறேன்!" இது குணசுந்தரி.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் வீறிடல் கேட்டது. அரசப்பன் கல்லை விடவே இல்லை.

கங்கம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அழுவாத அரசப்பா, பேத்தி பொறந்துகீது. தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க. எந்தத் தாலுகாவுல பதியறதுன்னு இப்ப ரெண்டு நர்ஸும் சண்டை போட்டுக்கினு கீறாங்க."

அரசப்பன் கல்லையே காட்டினார்.

"அதத்தான் நானும் ஒரு வருசமா சொல்ல வரேன், நீ எங்க கேக்கற?" என்று பக்கத்தில் குந்தினாள் கங்கம்மா. "எங்க ஊட்டுக்காரரு எருமை கட்டறதுக்காக, ஆர்.கே.பேட்டையில எவன் வயக்காட்டு மூலையிலயோ புடுங்கி லாரியில போட்டாந்த கல்லுப்பா இது. உன் கண்ணாலப் பந்தலுக்குக் காலை இழுத்துக் கட்ட ஓணும்னு உங்கப்பன் வாங்கினு போனவன்தான், இன்னும் திருப்பித் தர்ல!"