பால் ஊற்றப் போன பிள்ளைகள்

கல்வி ஆய்வு செய்கிற மதிப்பிற்குரிய ஸ்ரீலேகா மேடம் அவர்களுக்கு,

எருத்தேன்பதி பக்கம் மேட்டுக்களத்துப் பூபதிராஜா பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் தென்னைகளும் சுகம். பாலக்காட்டில் தாங்களும் தங்கள் கம்ப்யூட்டரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தங்கள் அறிக்கையைப் பள்ளிக்கூடத்தில் படித்துக் காட்டினார்கள். பக்கத்துப் புதூரில் கோமதி டீச்சர் நடத்துகிற சாயங்கால வாசிப்பு வகுப்பால் பலன் இல்லை, வகுப்பே இல்லாத மேட்டுக்களத்துப் பிள்ளைகளும் அதே அளவுக்கு வாசிக்கிறார்கள், ஆகையால் இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்ட டீச்சர், துடைத்த கரும்பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடம், சோதிக்க வந்தபோது எங்கள் ஊரில் வகுப்பு உண்டா என்று கேட்டீர்கள், இல்லை என்றேன், சத்தியமான பேச்சு. சாயங்காலம் பிள்ளைகள் எங்கே போகும் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். இரண்டு ஊருக்கும் பால் சொசைட்டி ஒன்றுதான், அது புதூர் வகுப்புக்கு ஒட்டின கட்டிடம், தூக்குப்போசியில் பால் கொண்டுபோய் ஊற்றுவது வீட்டுக்கு வீடு பிள்ளைகள்தான், அளக்கிறவர் வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும், நிற்கிற பிள்ளையை உள்ளே வந்து உட்கார் என்று கூப்பிடாமலிருக்க டீச்சர் என்ன கல்லா, இப்படியே படித்து எங்கள் மகள் செல்வப்பிரியா இப்போது உர மூட்டையில் இருப்பதை எனக்கே வாசித்துக் காட்டுகிறாள். இதைத் தடுத்திருக்கக் கூடாதா என்று என் மனைவி மயிலாத்தாளைக் கேட்டால், "ஏனுங்க, பால ஊத்திப்போட்டு காதப் பொத்திக்கிட்டு வரச் சொல்லோணுமாக்கும்?" என்கிறாள்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். சொசைட்டியில் மன்றாடி, பால் வண்டியை எங்கள் ஊருக்கே வரவழைத்திருக்கிறேன். இனி எங்கள் பிள்ளை ஒன்றுகூட வாய்க்காலைத் தாண்டிப் புதூருக்குப் போகாது. வாசிப்பு தானாக மழுங்கும். அப்போது மறுபடி வந்து சோதியுங்கள், டீச்சரின் அருமை தங்கள் கணக்கிலேயே தெரிந்துவிடும். பெற்ற பிள்ளையை மக்காக்கி ஒரு வகுப்பைக் காப்பாற்றுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வகுப்பே போய்விட்டால் இரண்டு ஊருக்கும் இல்லையே.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். மாங்காய்க் காலத்தில் கட்டாயம் வரவும், முதலமடையிலிருந்து நல்லதாக வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பூபதிராஜா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வண்டி வந்து பாலை வாங்கிப் போய்விட்டது. செல்வப்பிரியா காலித் தூக்குப்போசியோடு கிளம்பினாள். "பாலுதான் போயிருச்சே கண்ணு, எங்க போறே?" என்றேன். "பால் ஊத்தறதுக்குங்கப்பா" என்றாள். அவள் பின்னாலேயே ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் காலிப் போசியோடு வாய்க்காலைத் தாண்டிவிட்டன. நான் தடுக்கவில்லை. மேலே எழுதிய ஏற்பாட்டை அடித்துவிட்டு, அந்தக் காலிப் போசிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.