போலி ஆமை சூப்பும் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும், அத்தானும், அத்தானின் முதுகும், பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கவலைப்படுவதற்கு முன் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வேலை இன்னும் இருக்கிறது. நீ யார் யார் காலையோ பிடித்து வாங்கித்தந்த இந்த நாலாவது வேலையில் மூன்று மாதம் வாயைத் திறக்க மாட்டேன் என்று உன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன் அல்லவா? இன்றோடு எண்பத்தேழு நாள். வாயைத் திறக்கவில்லை. கை செய்ததற்கு வாய் பொறுப்பாகாது. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஓட்டலுக்கு நூறு வயது. விழாவுக்காகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெள்ளையடிக்கப் பெரிய நிலைக்கண்ணாடியைக் கழற்றினார்கள். அதன் முதுகில் ஒரு பழைய மெனு கார்டு செருகியிருந்தது. டீ நிறம், முழங்கை நீளம். அக்கா, அதைப் படித்துவிட்டு வெங்காயக் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒரே ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நாற்பத்தொரு பதார்த்தம்! கன்றுக்குட்டியின் குளம்பைக் காய்ச்சி எடுத்த ஆரஞ்சு ஜெல்லி. குளிரவைத்த மாட்டு நாக்கு. மாவுக்கூட்டுக்குள் மூடிவைத்துச் சுட்ட புறா. செலரித் தண்டு, அதுதான் நான் தினம் குப்பையில் போடுகிற காம்பு, அன்றைக்கு அது பெரிய மனிதர் பண்டமாம், பூங்கொத்து மாதிரி கண்ணாடி ஜாடியில் நிற்கவைத்து மேஜை நடுவில் வைப்பார்களாம், எங்கள் சமையல் மாஸ்டர் சொன்னார். ஏழாவது பதார்த்தத்துக்கும் எட்டாவதுக்கும் நடுவில், வயிறு ஓய்வெடுப்பதற்காக ஒரு எலுமிச்சை ஐஸ். யோசித்துப் பார், தின்று களைத்த வயிற்றுக்கு ஓய்வு! அப்புறம், 'போலி ஆமை சூப்'. ஆமை கிடைக்காதவர்களுக்குக் கன்றுத் தலையை வேகவைத்து அதே மாதிரி செய்வார்களாம். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஏமாத்துறதையும் அச்சடிச்சுச் சொல்லிட்டு ஏமாத்தியிருக்காங்கடா. எவ்வளவு பெரிய மனசு!"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இதே சாப்பாடு, இதே கார்டு. முப்பது பெரிய மனுஷங்க வர்றாங்க. உன் கையெழுத்து நல்லாருக்காமே, நீயே முப்பது எழுது. அந்தப் 'போலி'ய மட்டும் எடுத்துடு. மத்தபடி ஒரு எழுத்து மாறக் கூடாது." நான் "சரிங்க முதலாளி" என்றேன். முதலாளியிடம் நான் இதுவரை பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

எழுத உட்கார்ந்தபோது கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலில், யாரோ அவசரமாக எழுதியது: 'இன்று வேலையாட்களுக்கு ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, சூடான ரொட்டி, வேகவைத்த ஆப்பிள். பதினொன்றரை மணி. எல்லோரும் உட்கார்ந்து.'

முன்பக்கத்து நாற்பத்தொன்றும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, அக்கா. நாங்கள் சாப்பிடுவது நேற்றைய ரொட்டி ஓரமும் சூப் அண்டாவின் அடியும். அதுவும் மணி நாலுக்கு, கழுவுதொட்டி பக்கத்தில், நின்றபடி. பாத்திரம் கழுவும் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "உக்காந்தா? இங்கயா? எங்கடா உக்காந்திருப்பாங்க?" என்று சுற்றிலும் பார்த்தவர், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சட்டென்று குனிந்தார். தரைக்கல்லில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். பெஞ்சுக் கால்கள் அழுந்தி அழுந்தி விழுந்த தடம். பெரியம்மா ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா இதுல தேங்குற தண்ணிய வழிச்சுட்டிருக்கேன். பெஞ்சுன்னு தெரியாமப் போச்சேடா." மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தார். மூன்று பேரும் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றோம்.

ஒரு எழுத்தும் மாறக் கூடாது என்பது உத்தரவு. முப்பது கார்டிலும் பின்பக்கத்தையும் எழுதினேன்.

இன்று மதியம் விருந்து. ஒரு மில் முதலாளி ஆமை சூப்பை உறிஞ்சிவிட்டு, "எங்க தாத்தா சொல்லுவாரு, அசல் ஆமைன்னா நாக்குல வழுக்கணும்னு. அப்படியே இருக்கு!" என்று கண்ணை மூடினார். கன்றுக்குட்டி உயிரோடு இருந்தால் சிரித்திருக்கும். எல்லாம் முடிகிற நேரத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் கார்டைத் திருப்பி, "பின்னாடி போட்டிருக்கறது இன்னும் வரலையே?" என்றார். முதலாளி படிக்கவே இல்லை. "வரும்மா, வருது! ஏய், பின்பக்கத்துல இருக்கறதக் கொண்டாங்கப்பா!"

மாஸ்டர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலையாளுங்க சாப்பாடு கேக்குறாரு. இன்னைக்கு நமக்கு என்ன இருக்கோ அதானே குடுக்கணும்?" வெள்ளித் தட்டில் ரொட்டி ஓரங்களையும் அடிச்சூப்பையும் வைத்து, வெள்ளி மூடியால் மூடி, தானே தூக்கிக்கொண்டு போனார். நீதிபதி அம்மா மூடியைத் திறந்தார். கூடமே எட்டிப் பார்த்தது.

"இதுவா?"

"இன்னைக்கு இதுதாம்மா."

"உக்காந்துதான சாப்பிடுறீங்க?"

கதவோரம் ஈரக் கையோடு நின்ற பெரியம்மா, "உக்கார்றதா? வாங்கம்மா, குழி இருக்கு, காட்டுறேன்" என்றார். அந்த அம்மா எழுந்து போக, அவர் பின்னால் மற்ற இருபத்தொன்பது பேரும் கையில் கிளாசோடு சமையலறைக்குள் வந்து, தரையை வேடிக்கை பார்த்தார்கள். மில் முதலாளியின் ஷூ குழியில் நனைந்தது. எங்கள் முதலாளியின் முகம், அண்டாவிலிருந்து எட்டிப் பார்த்த கன்றுத் தலை மாதிரியே இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. போலியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். எழுத்தை மாற்றாதே என்றார், மாற்றவில்லை. முதலாளி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கே பெஞ்சு வந்துவிடும் என்று பெரியம்மா குழிகளையெல்லாம் துடைத்து வைத்திருக்கிறார். இன்னும் மூன்றே நாள், அக்கா. தைரியமாக இரு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு என் மரியாதை, அவர் முதுகுக்கும்.

உன் சொல் தட்டாத
தம்பி

பி.கு.: மேலே இருப்பது நேற்றுச் சாயங்காலம் எழுதியது. உறையில் தபால்தலையைத் தேடாதே, ஒட்டவில்லை. இன்று காலை முதலாளி பேசிவிட்டார். முதலில் பெரியம்மாவைப் போகச் சொன்னார். அப்போது திறந்த வாயை என்னால் மூட முடியவில்லை. எனக்குப் பின்னால் மாஸ்டரும் மூன்று சப்ளையர்களும் திறந்துவிட்டார்கள். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார், வாசலில் ஆறு பேர் நிற்கிறோம். சமையலை மாஸ்டர் பார்த்துக்கொள்வார். நீ எங்களை உட்காரச் சொன்னால் போதும்.