சுவரில் மோதப் போன ஜீப்

ஏற்காட்டில் பொம்மைக்காரரிடம் திட்டு வாங்காதவர் என்று ஒருவரும் கிடையாது. யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டால், அவர் சேலத்திலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இன்னும் இறங்கவில்லை என்று பொருள். ஏரியில் படகு விடுகிறவர், சாலையோரம் பலாச்சுளை விற்கிறவர், தேனிலவுக்கு வந்த தம்பதி, ஒருமுறை ஒரு காட்டெருமை என்று எல்லோருக்கும் வஞ்சனையில்லாமல் கொடுத்திருக்கிறார். காட்டெருமை மட்டும்தான் நின்று திரும்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. புத்தக அட்டையில் அதைப் பெரிதாகவே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் படக்கதை வரைகிறவரை எஸ்டேட் ஆட்கள் பொம்மைக்காரர் என்று கூப்பிட ஆரம்பிக்க, ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. சேலத்துக்காரர் ஆகையால் திட்டும்போதுகூட 'ங்க' போடாமல் அவருக்கு வாய் வராது. "ஏனுங்க, உங்களுக்கு அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்பார். முதல்முறை கேட்பவர்கள் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "இருக்குதுங்க" என்று பதில் சொல்லிவிடுவார்கள்.

இந்த மனிதரின் கைதான் டிரைவர் செண்பகத்தை வரைந்தது என்பதை என்னால் எளிதில் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. செண்பகம் அவருடைய கதாநாயகி. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவள். காப்பி மூட்டை ஏற்றப் போகிற இடத்தில் ஒரு பிணமோ, கடத்தல்காரனோ அவளுக்காகக் காத்திருப்பான். நான் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்று இந்த மலைக்குக் குடிவந்தவன். அந்தப் புத்தகங்களை ஆங்கிலச் செய்தித்தாளுக்குள் மறைத்து வைத்துப் படித்திருக்கிறேன். மூடுபனியை அவர் வரைவதில்லை. காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார். அதன் ஓரத்தில் ஒரு வேலிக்கம்பியும் அரைகுறையாக ஒரு மரமும் இருக்கும், அவ்வளவுதான். படிக்கிறவனுக்குக் காதில் குளிர் ஏறும். செண்பகத்துக்குக் கோபம் வந்தால் முகத்தைக் காட்ட மாட்டார். கியரைப் பிடித்த கையை மட்டும் காட்டுவார். இந்த வயதில் அந்தக் கையைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன்.

வரைவதோடு அவர் நிறுத்தியிருந்தால் நாட்டில் பாதிப் பேர் அவரைக் கும்பிட்டிருப்பார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து நேரலையில் பேசுவார். வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று அதற்கு அறிவிப்பு வேறு. கேட்டவர்கள் அடுத்த வாரம் கேட்பதில்லை.

ஒரு கதையில் செண்பகம் ராஜஸ்தானுக்குப் போவாள். அங்கே நட்டநடுப் பாலைவனத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக்கொடி. நம் மலையின் காப்பி எஸ்டேட்டுகளில் நிற்கிற அதே மரம். பாலைவனத்தில் இது எப்படி வளர்ந்தது என்று ஒரு வாசகர் பணிவோடு கேட்டார்.

"நீங்க பாலைவனம் போயிருக்கீங்களா?" என்றார் பொம்மைக்காரர்.

இல்லை என்று பதில் வந்தது.

"நானும் போனதில்லீங்க. அப்பறம் நமக்குள்ள என்னங்க சண்ட? மரம் எம்மரம். அது எங்க வேணாலும் நிக்கும். உங்களுக்குப் புடிக்கலீன்னா வெயில்ல நின்னு படிங்க."

சேலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சிக்கு, ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குச் செண்பகம் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொல்லிக் கண்கலங்கினாள். பொம்மைக்காரர் குழந்தையை உற்றுப் பார்த்தார். "அவளுக்கு ரெண்டாம் பாகத்துல முன்பல்லு போவுதுங்க. மூணாம் பாகத்துல ஜெயிலு. எதுக்குங்க இந்தக் கண்ணுக்கு அந்தப் பேரு? மாத்திப்போடுங்க." அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள். பெயரை மாற்றினாளா என்று தெரியாது. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் சமையல் புத்தகக் கடைக்கு நகர்ந்தார்கள்.

அவரைச் சமாளிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ஏரிக்குப் பக்கத்தில் மசாலா சாமானும் எழுதுபொருளும் சேர்த்து விற்கிற காசிம் பாய். அவர்தான் கீழேயிருந்து தூரிகை வரவழைத்துக் கொடுப்பார். ஒருநாள் நான் கடையில் இருக்கும்போதே பொம்மைக்காரர் வந்து ஒரு தூரிகையை மேசைமேல் போட்டார்.

"பாய், இது பிரஷ்ஷுங்களா? ஒட்டகத்துக்குப் பல்லு வெளக்கறதுங்களா?"

"ஒட்டகத்தக் கூட்டியாங்க. வெளக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் பாய், ஏலக்காய் நிறுப்பதை நிறுத்தாமல்.

பொம்மைக்காரர் அதே தூரிகையை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவருடைய படங்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். முழுக்க முழுக்கப் புகழ்ச்சி. அவர் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நேரலையில் உட்கார்ந்தார்.

"நம்மூரு வாத்தியாரு ஒருத்தரு எழுதிருக்காருங்க. 'இவர் கோடுகளுக்கு உயிர் இருக்கிறது.' உயிரு இருந்தா அது ராத்திரி எந்திரிச்சி ஓடிப்போயிருமேங்க? காலைல எத வெச்சிப் புஸ்தகம் போடறது? 'வண்ணமில்லாமலே வண்ணம் தெரிகிறது.' கண் டாக்டரப் பாருங்க, வாத்தியாரே."

கட்டுரை முடியும்வரை விடவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மாள் என்னிடம், "சார், கண்ணு இப்போ பரவால்லீங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வரவழைக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது.

இதன் பிறகுதான் சேலத்து வாசகர் வட்டம் ஏற்காட்டில் அவருடைய மூலப் படங்களைக் காட்சிக்கு வைக்க விரும்பியது. படங்கள் பதிப்பாளரிடம் இருந்தன. ஒரு பள்ளிக்கூட ஹாலும் கிடைத்தது. ஏற்பாட்டுக்கு உள்ளூர்ப் பொறுப்பு நான். வட்டத்தின் செயலாளர் நல்ல பையன். ஏற்பாட்டுக் கூட்டத்தில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அவரக் கூப்பிடறதா வேணாமான்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

"படங்கள மட்டும் கூப்பிடுவோம். ஆளு வேணாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் வருகிற இடம், கண்ணியம் முக்கியம் என்று காரணமும் சொன்னேன். காரணம் அதுவல்ல. காரணம் அந்தக் கட்டுரை. இதை அன்றைக்கு என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆகவே பஸ் நிலையத்திலிருந்து ஏரிவரை சுவரெல்லாம் அவர் பெயர் ஒட்டியிருக்க, அவர் மட்டும் அழைப்பில்லாமல் வீட்டில் இருந்தார். கண்காட்சியில் நல்ல கூட்டம். வந்தவர்கள் படங்களின் முன் நின்று, இத்தனை அழகாக வரைகிற மனிதர் எத்தனை மென்மையானவராக இருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் ஹால் காலியாக இருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து சாப்பாட்டு கேரியரைத் திறந்தேன். அந்தக் கோடியிலிருந்து காவல்காரர் சடையனின் குரல் கேட்டது. சடையன், மலையின் உள்கிராமமான மாரமங்கலத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் பல வருடமாகக் காவல்.

"ஏனுங்க! படத்த வெச்சிருங்க! வெச்சிருங்கன்னா!"

ஓர் ஆளைக் கையை முறுக்கிப் பிடித்து என்னிடம் கூட்டிவந்தார். குரங்குக் குல்லாய், மூக்குவரை மப்ளர். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"சார், இந்தாளு படத்தச் சொவுத்துலருந்து கழட்டறானுங்க. போலீசுக்குச் சொல்லிரலாமுங்களா?"

சடையன் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு மை. எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், அந்தக் குரல் மலைக்கே தெரியும். அவர் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"போலீஸ் எல்லாம் வேணாம்ப்பா. வெளிய அனுப்பிரு" என்றேன். அதைப் பெருந்தன்மை போலச் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் கூசுகிறது.

அவர் சுவரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு போய்விட்டார். வாழ்நாளில் அவர் பேசாமல் வெளியேறிய ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கேரியரை மூடினேன். எழுந்து போய், அவர் கழற்றப் பார்த்த படத்தைப் பார்த்தேன். அது புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் ஒரே பெரிய காட்சி. இடப்பக்கத் தாளில் செண்பகத்தின் ஜீப் வலது பக்கமாகச் சீறிக்கொண்டு வரும். வலப்பக்கத் தாளில் கொண்டை ஊசி வளைவும் அதற்கப்பால் வெள்ளையாகப் பள்ளத்தாக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் ஜீப்புக்குச் சாலை உண்டு. சட்டம் போட்டு வந்தபோது, எதை முதலில் மாட்டுவது என்று ஆணியோடு நின்றவர்கள் என்னைக் கேட்டார்கள். வரலாறு நடத்தியவனுக்கு முன் பின் தெரியாதா என்று நான்தான் கைகாட்டினேன். மாற்றிக் காட்டியிருக்கிறேன். வளைவு இடது பக்கம் சும்மா கிடந்தது. ஜீப் வலது பக்கம் சட்டத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த மின்விசிறி சுவிட்சை நோக்கி முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவரை அத்தனை புகழ்ந்து எழுதியவன் கண்ணில் அது படவேயில்லை. தன் கண்காட்சியில் அவர் திருட வந்தது செண்பகத்தைக் காப்பாற்றத்தான்.

அன்று மாலையே சடையனை வைத்து இரண்டையும் இடம் மாற்றினேன். மறுநாள் காலை வெள்ளக்கடை போகும் சாலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

"யாருங்க?"

"நான்தாங்க, வாத்தியார்."

"அடடே. கண்காட்சியில ஏதும் திருட்டுப் போயிருச்சுங்களா?"

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "நேத்து உங்கள எனக்குத் தெரிஞ்சிதுங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். உங்களக் கூப்பிட வேணாம்னு சொன்னதும் நான்தான். கட்டுரையப் பத்தி நீங்க பேசுன கோவம்."

அவர் டம்ளர் தண்ணீரில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியுமுங்க. அந்த ஜீப்ப மாத்துனீங்களா?"

"மாத்திட்டேங்க."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டீங்க?"

"ஒரு நாலு விரக்கட."

தூரிகை கீழே விழுந்தது. "நாலு விரக்கடயா! ஏனுங்க, ஜீப்பு வளைவுல திரும்பறப்ப ரோட்டுல நாலு விரக்கட பள்ளம் இருந்தா அவ எங்கீங்க போயி நிப்பா? மாரமங்கலத்துலயா? சட்டத்தோட சட்டம் ஒட்டி மாட்டோணுமுங்க! படிச்சவங்கதானுங்களே நீங்க?"

குல்லாயை மாட்டிக்கொண்டு சுத்தியலை எடுத்தார். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் என் ஓட்டுதலைத் திட்டினார். "இதுக்கு நடந்தே போயிருக்கலாமுங்க. செண்பகம் பாத்தா சிரிப்பா." நான் மன்னிப்புக் கேட்க வந்ததாக அவருக்கு நினைவு இருந்ததாகவே தெரியவில்லை. அவர் கவலையெல்லாம் அந்த நாலு விரற்கடைதான்.

ஹால் வாசலில் சடையன் குறுக்கே கையை நீட்டினார். "சார், இது நேத்து வந்த ஆளுல்லீங்க?"

"சடையா, இந்தப் படமெல்லாம் வரைஞ்சது இவருதான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். கூட்டம் திரும்பியது. செயலாளர் ஓடி வந்தார்.

"அட சாமி!" சடையன் நீட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "ஏனுங்க சார், இத நேத்தே சொல்லிருக்கலாமில்லீங்க? கையப் புடிச்சி முறுக்கிப்போட்டனே! நீங்களும் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவருக்கு எப்படீங்க தெரியும்?" என்று பொம்மைக்காரர் முந்திக்கொண்டார். "நான் குல்லாய்க்குள்ள இருந்தேன். இதப் போட்டா என்னயப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாதுங்க. சும்மா வழிய விடுங்க."

யாருக்காகவும் படக்கதையில் ஒரு கட்டத்தைக்கூட மாற்றி வரையாத மனிதர், எனக்காக நடந்ததையே மாற்றிச் சொல்லிவிட்டார். இப்போது கோவையில் மகள் வீட்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவையைத் திட்டுகிறார். நானும் தவறாமல் பார்க்கிறேன். அவர் பேசுவது இன்றைக்கும் எனக்குப் பிடிப்பதில்லை.

அன்று சுவருக்கு முன்னால் போய் நின்றதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னங்க வேடிக்க? அந்த முனையப் புடிங்க. ஆடாமப் புடிங்க. இது என்ன உங்க காலேஜு போர்டுங்களா, கோணலாத் தொங்கறதுக்கு?"

பிடித்தேன். அவர் ஆணியைப் பிடுங்கி, சட்டத்தோடு சட்டத்தை ஒட்டி, மறுபடி அடித்தார். ஜீப் வளைவில் ஏறியது. அதற்குள் யாரோ ஒருவர் பாலைவனத்து மரத்தின் முன் நின்று ஏதோ கேட்க, அவர் சுத்தியலோடு அந்தப் பக்கம் போய்விட்டார். "ஏனுங்க, நீங்க பாலைவனம் போயிருக்கீங்களா?" என்ற குரல் ஹால் முழுக்கக் கேட்டது. படம் ஆணியில் உறுதியாகத்தான் இருந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.