டேஞ்சர் சாரும் சிவப்புப் பழமும்

பெங்களூரில் டேஞ்சர் சாரைவிடப் பயந்த மனிதர் யாராவது இருந்தால், அவர் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். லிங்கராஜபுரத்தில் நான் மாடியில் குடியிருந்தபோது கீழ் வீட்டு ஓனர் அவர். பிரஷர் குக்கர் டேஞ்சர், லிஃப்ட் டேஞ்சர், சிரித்துப் பேசும் புரோக்கர் ரொம்ப டேஞ்சர். சொந்தப் பெயர் சிலிண்டர் போடுகிறவருக்கே தெரியாது.

அவருக்கு இருந்த ஒரே துணை ராஜாத்தி, தெருவில் கிடைத்த பழுப்பு நாய். என்னை "வாடா, போடா" என்பவர், அதை மட்டும் "மழை வருது, உள்ள வாங்கம்மா" என்பார்.

ஒருநாள் நர்சரியிலிருந்து இரண்டு தொட்டி பெரணி வாங்கிவந்து படிக்கட்டில் வைத்தேன். ஒன்றுக்குச் சீப்பு மாதிரி இலை. இன்னொன்றுக்கு ஊசி ஊசியாக இலை, பொக்கேயில் சொருகுவார்களே, அது. வைத்த கையோடு வந்துவிட்டார்.

"என்னப்பா இது?"

"ஃபெர்ன் சார். பெரணி."

"நாய் சாப்ட்டா?"

"நாய் ஏன் சார் இலைய சாப்பிடப் போகுது?"

"நீ ஏன் கோபி மஞ்சூரி சாப்பிடற?"

டேஞ்சர் சார் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரித்தார். பால் பூத்தில் விஷம் என்றார்கள். நர்சரிக்காரர் "ஏனூ ஆகல்ல சார்", ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் அடித்துச் சொன்னார். ஃபோனில் தேடினால் ஆபத்து என்றும் வந்தது, ஆபத்தில்லை என்றும் வந்தது. "ரெண்டுல எதுப்பா பொய்?" என்று விடிந்தும் விடியாமலும் என் கதவைத் தட்டினார்.

ஊசி இலைச் செடி குட்டிக் குட்டியாகச் சிவப்புப் பழம் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாத்தி வாந்தி எடுத்தாள். வாந்தியில் சிவப்புத் தோல் கிடந்தது. டேஞ்சர் சார் கத்தவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்; நான் இரண்டு செடியிலும் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோ ஒன்வேயில் எதிராகப் புகுந்தது. வேறொரு நாளாக இருந்தால் குதித்தே இறங்கியிருப்பார். அன்றைக்கு, "இன்னும் வேகமா போப்பா" என்றார். முகமெல்லாம் வியர்வை. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாய் டாக்டர் கொத்துகளைப் புரட்டிப் பார்த்தார். "இந்தச் சீப்பு இலை பெரணி ஒண்ணும் பண்ணாது சார். ஊசி இலை இருக்கே, பேர்தான் ஃபெர்ன், ஜாதியே வேற. பழம் உள்ள போனா வாந்தி, பேதி எல்லாம் வரும். மருந்து குடுத்தாச்சு, சரியாயிடும். தொட்டிய எட்டாத இடத்துல வைங்க."

எனக்கு மூச்சு வந்தது. சாருக்கு வரவில்லை. "டாக்டர், வலி தொப்புளுக்கு மேல இருக்கு. சுருட்டிச் சுருட்டி இழுக்குது."

"நாய் சொல்லிச்சா?"

"அவங்க வாந்தி எடுத்ததுமே நானும் அந்தப் பழத்த சாப்ட்டேன்."

டாக்டர் அவரையே பார்த்தார். "எதுக்கு சார்?"

"அவங்களுக்குப் பேச வராதே டாக்டர். எங்க வலிக்குதுன்னு யாராவது சொல்லணுமில்ல."

அங்கிருந்து அவரை மனுஷ டாக்டரிடம் கூட்டிப் போகும் வழியெல்லாம், "இப்ப எப்படி இருக்கு சார்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் ஆகாதுடா, சும்மா வா" என்றார் அவர். அந்த மனிதர் எனக்கு இவ்வளவு வேண்டியவர் என்று அதுவரை எனக்கே தெரியாது.