வெள்ளைக் கன்று கேட்டதால் வந்த வினை

லிங்கராஜபுரம், பெங்களூர்
10.6.1996, திங்கள் காலை

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சீனிவாசராகவன் தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. நானும் பாமாவும் புது வீட்டில் பரம சௌக்கியம். அங்கே தாங்களும், முழங்கால் உள்பட அக்காவும் சௌக்கியமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

ஏழரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் பசுவும் கன்றும் நிலைப்படி தாண்டிவிட வேண்டும் என்று தாங்கள் பஞ்சாங்கம் பார்த்து உத்தரவிட்டபடியே கிரகப்பிரவேசம் நடந்தேறியது. நடந்தேறிய விதத்தை எழுதத்தான் வெட்கமாயிருக்கிறது. ஆனால் வீடியோ கேசட்டில் எப்படியும் தெரிந்துவிடும். பின் தெருப் பால்காரர் முனிவெங்கடப்பாவின் பசு நல்ல வெள்ளை, அது போன வாரம் ஈன்ற கன்றோ அட்டைக் கறுப்பு. வீடியோவில் எடுப்பாக விழாதே என்று, அவருடைய இன்னொரு மாட்டின் வெள்ளைக் கன்றை இதோடு ஓட்டி வரச் சொன்னேன். கன்று எதுவானால் என்ன, வாலும் காதும் இருந்தால் போதாதா என்று நினைத்துவிட்டேன். அவரும் "ஆகலி ஸார்" என்று தலையாட்டி, கூடவே ஓடிவந்த கறுப்புக் கன்றைப் பக்கத்துக் காலி சைட்டில் விட்டுவிட்டு வந்தார்.

பசு வெள்ளைக் கன்றை ஒரு தரம் மோந்து பார்த்தது. தன் பிள்ளை வாசனை இல்லை என்று தெரிந்ததும் விட்டது ஒரு உதை. கன்று பயந்து கூட்டத்துக்குள் மறைய, பசு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்க்கிறார், நான் வாத்தியாரைப் பார்க்கிறேன், பாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வாடகை வீட்டிலேயே தலை நரைத்தவள், இந்த ஒரு நிலைப்படிக்காகக் காத்திருந்தவள். சரி, கறுப்பையே கொண்டு வாருங்கள் என்றால் சைட்டில் அதைக் காணோம். கன்னடத்தில் கூப்பிட்டோம், தமிழில் கூப்பிட்டோம், மூச்சு விடவில்லை. "நீங்க கத்தினா வருமா? பச்சைக் குழந்தைன்னா அது! அம்மா குரல் கேக்கற வரைக்கும் ஒளிஞ்சுண்டுதான் படுத்திருக்கும். பசுவை அவுத்து விடுங்கோ!" என்று பாமா போட்ட சத்தத்தில் முனிவெங்கடப்பா கயிற்றையே விட்டுவிட்டார். பசு நேரே ஒரு செங்கல் குவியலருகே போய், தொண்டைக்குள்ளேயே மெதுவாகக் குரல் கொடுத்தது. அவ்வளவுதான், கறுப்புக் கன்று துள்ளி எழுந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது, தாய் நக்கிக் கொடுக்கிறது, வாத்தியார் மந்திரத்துக்கு நடுவே "நாழியாறது, நாழியாறது" என்கிறார். வயிறு ரொம்பியதும் கன்று முன்னால், பசு பின்னால், ஏழரை அடிப்பதற்குள் இரண்டும் உள்ளே! எனக்குப் போன உயிர் வந்தது, அத்திம்பேர். பாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே பால் காய்ச்சினாள்.

தாங்கள் குறித்த முகூர்த்தம் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நிம்மதியாகக் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்
சீனிவாசராகவன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது வாசலில் சத்தம். வெள்ளைக் கன்றை எல்லோருமே மறந்துவிட்டோம். அதைத் தேடிக்கொண்டு அதன் தாய் தெரு வழியே தானாகவே வந்து, யாரையும் கேட்காமல் நிலைப்படி தாண்டி உள்ளே போய்விட்டது. கன்று பின் அறையில் ஜமக்காளக் குவியலுக்குப் பின்னால் சத்தமில்லாமல் படுத்திருந்திருக்கிறது. இப்போது இரண்டும் கூடத்தில் நிற்கின்றன. மணி எட்டு, நட்டநடு ராகுகாலம். விரட்டப் போனால் பாமா குறுக்கே நின்றுகொண்டு, "பசிச்ச குழந்தைக்கு ஏதுன்னா ராகுகாலம்?" என்கிறாள். பஞ்சாங்கத்தில் இதற்கு ஏதாவது பரிகாரம் இருந்தால், அக்காவுக்குத் தெரியாமல் எழுதவும்.