எழுதினதை மட்டும் செய்

“அலோ, தம்பி! பொண்ணு எங்கப்பா? அரைமணி நேரமா வடையையே காட்டிக்கிட்டிருக்க!”

பாரிஸிலிருந்து போனில் வந்த குரலைக் கேட்டுச் செம்மலுக்கு வியர்த்தது. மூலக்குளத்துக் கல்யாண மண்டப வாசலில் ‘புதுவையிலேயே முதன்முறையாக ஏ.ஐ. நேரலை’ என்று தன் முகத்தோடு பேனர் வைத்திருந்தான். பேனரில் இருந்த முகம் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

பேசியவர் மணமகள் ஹேமலதாவின் தாய்மாமன் முருகையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ‘சொல்தா’வாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் ஆபரேஷனால் வர முடியவில்லை. அங்கே விடியாத நேரத்திலும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“பொண்ணுக்குத் தாலி கட்டறத என் மச்சான் கண்ணால பார்க்கணும். பார்க்கலைன்னா என் வூட்டுக்காரி ஆயுசுக்கும் எங்கூட பேச மாட்டா,” என்று பெண்ணின் அப்பா சுப்பிரமணியன் முன்பே சொல்லியிருந்தார்.

நேரலையை நடத்துவது ‘ஏஜென்ட்’ என்கிற ஏ.ஐ. மென்பொருள். கேமரா மாற்ற, மைக்கை மூட என்று அதற்குச் சில பட்டன்கள். எந்தப் பட்டனை எப்போது அமுக்குவது என்று ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விற்றவன் சொன்னான். அதை நம்பி, பதினைந்து வருஷம் கேமரா பிடித்த கொளஞ்சியைப் பின்னறையில் லேப்டாப்புக்குக் காவல் வைத்துவிட்டான் செம்மல்.

“சொந்த புத்தியெல்லாம் வேணாம். வாயைத் தொறக்காம வயரைப் பார்த்துக்க, போதும்,” என்று காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தான்.

மேடைக்கருகே நின்றபடி போனைத் திறந்தான். ‘கேமரா மாற்று’ பட்டனுக்கு அவன் எழுதியிருந்த விளக்கம், ‘முக்கியமானதைக் காட்டு.’ கல்யாணத்தில் பந்தியைவிட முக்கியமானது எது? ஏஜென்ட்டைக் குறை சொல்ல முடியாது. அதை அழித்துவிட்டு, ‘எல்லோரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம் காட்டு’ என்று எழுதினான்.

கீழே ‘ஆச்சி’ என்று பதில் வந்தது. வெளிநாட்டு மூளை நம்ம ஊர்த் தமிழ் பேசுகிறதே என்று பூரித்துப்போனான்.

அந்த நேரம் பார்த்து வட்டாரப் பிரமுகர் ஒருவர் பரிவாரத்தோடு நுழைந்தார். கூட்டம் திரும்பியது. கேமராவும் திரும்பியது. அவர் கும்பிட்டது, உட்கார்ந்தது, பல் குத்தியது எல்லாவற்றையும் பாரிஸ் பார்த்தது.

“மாப்பிள்ளை இவராப்பா? அறுபது வயசு இருக்கும் போலிருக்கே!”

‘மணமேடையை மட்டும் காட்டு’ என்று மாற்றினான். ‘ஆச்சி.’

மேடையில் நான்கு போட்டோகிராபர்கள் சுவர் எழுப்பியிருந்தார்கள்.

“தம்பி, ஒரு நீலச் சட்டை முதுகுதான் தெரியுது. மந்திரமும் கேக்கல, மேளந்தான் கேக்குது.”

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம். செம்மல் ஒரே மூச்சில் இரண்டு விளக்கம் எழுதினான். ‘யாராவது மறைத்தால், மறைக்காத கேமராவுக்கு மாறு. பேச்சு கேட்காத அளவுக்குச் சத்தம் வந்தால், அந்த மைக்கை மூடிப் பேச்சு தெளிவாகக் கேட்கும் மைக்கைத் திற.’

‘ஆச்சி.’

ஐயர் கையை உயர்த்தினார். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமாக ஒரு சொல் யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் அந்த மேளமே. எழுதியபடியே மேடை மைக் மூடிக்கொண்டது. எழுதியபடியே, யாரும் மறைக்காத பந்திக் கேமரா தன் மைக்கோடு திறந்துகொண்டது. ஹேமலதாவின் கழுத்தில் தாலி ஏறிய நொடியில், பாரிஸ் திரையில் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையைப் பார்த்தபடி தெள்ளத்தெளிவாகச் சொன்னார்.

“ஊருல வேற பொண்ணே இல்லன்னுதானா இவனுங்க வூட்டுல எடுத்தோம்? ரெண்டாவது வடை கேட்டா மொறைக்கிறானுங்க!”

முருகையன் இந்த முறை செம்மலைக் கூப்பிடவில்லை. மணமகளின் அம்மாவான தன் தங்கச்சியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனிலேயே அழுதார்கள். சற்று நேரத்தில் சுப்பிரமணியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“யோவ், இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?”

செம்மலுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. “நான் இல்ல சார், மிஷினு! நான் தெளிவாத்தான் எழுதினேன். என்ன இருந்தாலும் அதுக்கு மனுஷ புத்தி வருமா? எங்க கொளஞ்சியை உக்கார வெச்சிருந்தா ஒரு தப்பு நடந்திருக்காது. பதினஞ்சு வருஷ சர்வீசு!”

பின்னறைக் கதவு திறந்தது. லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தியபடி கொளஞ்சி வந்து நின்றான்.

“அந்த ஏஜென்ட்டு காலையிலியே பாஸ்வேர்டு கேட்டுட்டுப் படுத்துக்கிச்சிண்ணே, வாயைத் தொறக்காதன்னு சொல்லிட்டீங்களா, நீங்க எழுத எழுத நான்தான் படிச்சிப் படிச்சி பட்டனை அமுக்கிட்டிருந்தேன்.”